அடுத்த சீசன் என்றால் எது

பாலத்தடி கால்பந்து அணியில் அவரை எல்லோரும் ‘கதவு’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோல்கீப்பர் ஆயிற்றே, பந்து உள்ளே போகாமல் அடைத்து நிற்பதால் வந்த பெயர் போலிருக்கிறது என்று புதிதாகச் சேருகிறவர்கள் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறார்கள். உண்மை வேறு. முதன்முதலாக அவர் கோலில் நின்ற அன்று ஏழு பந்துகள் வரிசையாக உள்ளே போயின. ‘திறந்த கதவு’ என்று பெயர் வைத்தார்கள். போகப்போக ஆள் தேறினார். பெயரிலிருந்து ‘திறந்த’ உதிர்ந்தது, கதவு மட்டும் மிஞ்சியது. அவரும் யாரையும் திருத்தப் போகவில்லை. வலிய வந்த மரியாதையை யாராவது வேண்டாம் என்பார்களா?

பிழைப்புக்கு அவர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், குனிந்துதான் நுழைய முடியும் என்கிற மாதிரி ஒரு சின்ன அறை இருக்கும். உள்ளே மோட்டார், ஆளுயரத்துக்குப் பாதி இருக்கும் சக்கரம், அதில் தொங்கும் இரும்புக் கயிறுகள், எப்போதும் ஒரு கிரீஸ் வாடை. அந்த அறைகள் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். மேலதிகாரி அவ்வளவு தூரம் ஏறி வரமாட்டார் என்பது ஒரு காரணம். மதியம் அந்த அறையின் வாசலில் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தால் ஊரே காலடியில் கிடக்கும் என்பது இன்னொன்று. கொடியில் காயும் துணிகள், தண்ணீர்த் தொட்டிகள், தூரத்தில் பாலத்துக்கு அந்தப் பக்கம் பழுப்பாக ஒரு சதுரம். அதுதான் அவர்களுடைய மைதானம். சாப்பிட்டுக்கொண்டே அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீடு மூன்றாவது மாடியில். அந்தக் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிற மனுஷன், சாயங்காலம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் முழங்காலை ஒரு வார்த்தை திட்டிக்கொண்டு ஏறுவார். மேலே மனைவி கதவைத் திறந்து வைத்திருப்பாள். அவள் மருந்துக் கடையில் கல்லாவில் இருக்கிறாள். அவர் முழங்காலுக்கு வேண்டிய களிம்பு எப்போதும் கைப்பையில் இருக்கும். படியில் அவர் முனகும் சத்தத்தை வைத்தே இன்றைக்குக் களிம்பு எவ்வளவு தேவைப்படும் என்று சொல்லிவிடுவாள்.

மச்சான், அதாவது அவள் தம்பி, வெல்டிங் பட்டறையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை. பின்தெருவில் தனியாக ஓர் அறை எடுத்திருந்தாலும் மூன்று வேளையும் கை நனைப்பது அக்கா வீட்டில்தான். பாலத்தடியின் முன்னாட்டக்காரன் அவன். கதவு பின்னால் பிடிப்பார், அவன் முன்னால் அடிப்பான். மற்ற ஒன்பது பேரும் நடுவில் பந்தைக் கைமாற்றுவதற்குத்தான் என்று இரண்டு பேரும் சாப்பிடும்போது பேசிக்கொள்வார்கள். அந்த ஒன்பது பேரின் காதில் விழாமல்தான்.

இப்படி ஒரு குறையும் இல்லாமல் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. இரண்டாம் டிவிஷனில் ஒரு சீசன் ஆட வேண்டும். முதல் டிவிஷனெல்லாம் வேண்டாம். அது நடக்காது என்று அவருக்கே தெரியும். இரண்டாவது போதும். பாலத்தடி ஆடுகிற மூன்றாம் டிவிஷனில் கோலுக்கு வலை கிடையாது. பிடிக்கத் தவறிய பந்து சாலை வரை உருண்டு போகும். கோல்கீப்பர்தான் ஓடிப்போய், லாரிக்கு நடுவில் புகுந்து எடுத்து வர வேண்டும். கோல் வாங்கிய அவமானம் போதாதென்று இந்த ஓட்டம் வேறு. கோட்டோரம் கொடி பிடிப்பவர்கள் இரு அணிகளின் மாற்று ஆட்டக்காரர்கள்; அவர்கள் கொடி எந்தப் பக்கம் ஆடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டாம் டிவிஷனில் வலை உண்டு, ஒழுங்கான நடுவர்கள் உண்டு. வயதோ நாற்பதைத் தாண்டிவிட்டது. எலும்பு டாக்டர் முழங்காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு சீசன் தாங்கினால் பெரிய விஷயம் என்று கையை விரித்துவிட்டார்.

ஆசை நிறைவேறாததற்கு அவர் ஆட்டம் காரணமல்ல. லீக் கமிட்டி போட்ட கணக்குதான் காரணம். மூன்றாம் டிவிஷனில் அணிகள் அதிகம் என்று அதை வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இரண்டிலும் முதலிடம் பிடிக்கிறவர்களில் ஒரே ஓர் அணிதான் மேலே ஏறலாம். யாருக்குப் புள்ளி அதிகமோ அவர்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வடக்கில் பத்து அணிகள், தெற்கில் ஒன்பது. வடக்கே ஆளுக்குப் பதினெட்டு ஆட்டம், தெற்கே பதினாறுதான். இரண்டு ஆட்டம் கூடுதலாக ஆடுகிறவன் கூடுதலாகப் புள்ளி எடுப்பான் என்று கண்டுபிடிக்கக் கமிட்டி போட வேண்டியதில்லை, விரல் விட்டு எண்ணத் தெரிந்தால் போதும். அது மட்டும்தான் அந்தக் கமிட்டிக்குத் தெரியாது. பாலத்தடி மூன்று முறை தெற்கில் முதலிடம் பிடித்தது. மூன்று முறையும் வடக்கிலிருந்து எவனோ ஏறிப்போனான்.

இரண்டு பேரையும் நேருக்கு நேர் மோதவிட்டால் தீர்ந்தது என்று உங்களுக்குத் தோன்றும். ஒருமுறை மோதவிட்டார்கள். ஆட்டம் முடிந்தபோது நடுவரின் சைக்கிள் குளத்தில் கிடந்தது. போட்டது யார் என்று கேட்டால் இன்றைக்கும் தெற்கு வடக்கைக் கைகாட்டும், வடக்கு தெற்கைக் கைகாட்டும். அதிலிருந்து நேர்மோதல் என்று யாராவது வாயெடுத்தாலே கமிட்டிக்குக் காய்ச்சல் வந்துவிடும்.

கதவிடம் இதற்கு ஒரு மருந்து இருந்தது. மொத்தப் புள்ளியைப் பார்க்காதே. ஆடிய ஆட்டங்களால் வகுத்து, ஒரு ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று பார். அவ்வளவுதான். ஒவ்வொரு வருஷமும் லீக்கின் பொதுக்கூட்டத்தில் கையைத் தூக்குவார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மேனேஜராக இருக்கும் லீக் தலைவர், “பார்க்கலாம், பார்க்கலாம்” என்பார். அதற்குள் டீ வந்துவிடும். டீக்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் எந்த நியாயமும் எடுபட்டதாகச் சரித்திரம் இல்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் முழுவதையும் மறுபடி பேசுவார். கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்தப் பேச்சு மனப்பாடம். நடுவில் அவர் ஒரு வரியை விட்டுவிட்டால் எடுத்துக்கொடுப்பாள்.

அந்த மருந்து கமிட்டியின் தொண்டைக்குள் இறங்கிய கதை வேடிக்கையானது. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் இருந்த கட்டடத்தில் ஒருநாள் லிஃப்ட் நான்காவது மாடிக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஓர் ஆள். லிஃப்ட் வேகமாகக் கீழே இறங்கிவிடாமல் காப்பாற்ற அடியில் ஒரு கவ்வி இருக்கும். அது தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டுவிட்டது. கவ்வியை விடுவிக்க வேண்டுமானால் உச்சியில் உள்ள அறைக்குப் போய், சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை அங்குலம் அங்குலமாக மேலே இழுக்க வேண்டும். கதவு போய் வேலையை ஆரம்பித்தார்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே மாட்டிக்கொண்டவரிடம் பேச்சை நிறுத்தக் கூடாது. பேச்சு நின்றால் அவருக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும், பயம் பிடித்துக்கொள்ளும். மேல் அறைத் தரையில் கயிறுகள் இறங்குவதற்கு ஓட்டைகள் இருக்கும். அதில் வாயை வைத்துப் பேசினால் கீழே லிஃப்டுக்குள் அசரீரி மாதிரி கேட்கும். கதவு முதலில் வெயிலைப் பற்றிப் பேசினார். அப்புறம் ஒரு கயிறு அறுந்தாலும் மற்றக் கயிறுகள் தாங்கும் என்று தைரியம் சொன்னார். கயிறு அறுவதைப் பற்றி அதுவரை நினைத்தே பார்த்திராத அந்த மனிதர் உள்ளேயிருந்து அலறினார். அந்தக் குரலைக் கேட்டதும்தான் கதவுக்கு ஆள் யாரென்று பிடிபட்டது. லீக் தலைவர்.

வேறு என்ன பேசுவார் அவர்? சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, பத்து அணி, ஒன்பது அணி, பதினெட்டு ஆட்டம், பதினாறு ஆட்டம் என்று ஆரம்பித்தார். குறுக்கே டீ வரவில்லை. தலைவர் எழுந்து போகவும் வழியில்லை. லிஃப்ட் ஐந்தாவது மாடிக்கு வந்து சேர்ந்தபோது அந்தப் பேச்சு ஒருமுறைக்கு இருமுறை முழுதாக ஒலித்து முடிந்திருந்தது. கதவு இறங்கி வந்து சாவி போட்டுக் கதவைத் திறந்தார். தலைவர் சட்டையெல்லாம் தொப்பலாக வெளியே வந்தார்.

“நீங்க சொல்றது நியாயம்தான்யா. இந்தக் கூட்டத்துல கொண்டுவாங்க, நானே கை தூக்குறேன்” என்றார்.

வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றினார் என்று வடக்கு அணிக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். கவ்வி விட வேண்டாமா என்று அவர் கேட்பார். அந்தக் கவ்வி சாதாரணமாக எவ்வளவு நேரத்தில் விடும் என்று மனைவி ஒரே ஒரு தடவை கேட்டாள். அவர் முழங்காலுக்குக் களிம்பு தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

பொதுக்கூட்டம் வந்தது. அணிகள் எல்லாம் பதிவு செய்து, எந்த அணி எந்த அணியோடு என்று ஆட்ட அட்டவணையும் ஒட்டியாகிவிட்டது. முதல் ஆட்டம் மட்டும் ஆரம்பிக்கவில்லை. கதவு எழுந்து, “அடுத்த சீசன்லருந்து மொத்தப் புள்ளியைப் பார்க்காம, ஒரு மேட்ச்சுக்கு எத்தனைன்னு வகுத்துப் பார்க்கணும்” என்று சொன்னார். தலைவர் கை தூக்கினார். தலைவரே தூக்கிய பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தீர்மானம் நிறைவேறியது. அடுத்த சீசன் என்றால் எது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. டீ வந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் விதி விளையாடியது. சீசன் நடுவில் வடக்கே ஒரு தொழிற்சாலை மூடப்பட்டு அதன் அணி காணாமல் போனது. இன்னோர் அணி உள்ளுக்குள் சண்டை போட்டு இரண்டாகப் பிளந்தது. இரண்டு பாதியிலும் பதினொரு பேர் தேறாமல் இரண்டுமே நின்றுபோயின. அந்த அணிகளோடு ஆடிய ஆட்டங்களைக் கமிட்டி கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. ஆக, எப்போதும் பத்து இருக்கும் வடக்கில் இப்போது எட்டுதான். ஆளுக்குப் பதினான்கு ஆட்டம்.

பாலத்தடி அந்த வருஷம் ஆடியதைப் போல் எந்த வருஷமும் ஆடியதில்லை. கடைசி ஆட்டத்தில் மச்சான் இரண்டு கோல் போட்டான். கதவைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலம் வரை போனார்கள். பதினாறு ஆட்டத்தில் முப்பத்தேழு புள்ளி. வடக்கில் முதலிடம் பிடித்த அணிக்குத் தண்ணீர்த்தொட்டி அணி என்று பெயர், ஒரு பெரிய தொட்டிக்கு அடியில் ஆடுகிறவர்கள். அவர்களுக்கு முப்பத்தைந்து. அவர்களைவிட இரண்டு புள்ளி அதிகம், மேலே ஏறியாகிவிட்டது என்று எல்லோரும் குதித்தார்கள். தோளில் உட்கார்ந்திருந்தவர் மட்டும் சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். வடக்கில் ஆட்டங்கள் முடிந்த இரண்டு வாரத்துக்கு முன்பே, மிச்சத்தை ஜெயித்தால் எவ்வளவு வரும் என்று அவர் ஒரு மெஷின் அறைச் சுவரில் சாக்பீஸால் வகுத்துப் பார்த்துவிட்டார். பாலத்தடிக்கு ஆட்டத்துக்கு இரண்டேகாலும் கொஞ்சமும். தொட்டிக்காரர்களுக்குச் சுளையாக இரண்டரை.

அன்றைக்கு வீட்டில் சாப்பாடு பரிமாறிக்கொண்டே மனைவி கேட்டாள்.

“உங்க கணக்குப்படி பார்த்தா அவங்கதானே மேல போகணும்?”

மச்சான் வாயில் வைத்த சோற்றை மெல்லாமல் நிறுத்தினான். கதவு ஆமாம் என்று தலையாட்டினார். சொந்தக் கையாலேயே தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது அந்த மனுஷனுக்கு அப்போதுதான் முழுசாக உறைத்தது. இத்தனை வருஷம் தொண்டை கிழியக் கத்தி வாங்கிய நியாயம், வாங்கிய வருஷமே வாசலில் வந்து நிற்கிறது, வாங்கினவரையே வெளியே தள்ள.

மச்சானுக்கு மூளை வேகமாக ஓடும். சாப்பிட்டு முடிப்பதற்குள் வழி கண்டுபிடித்துவிட்டான். தீர்மானத்தில் இருந்தது ‘அடுத்த சீசன்’ என்கிற வார்த்தை. கூட்டம் நடந்தபோது பதிவு முடிந்து, அட்டவணையும் ஒட்டியாகிவிட்டது. அப்படியென்றால் அது ‘இந்த’ சீசன். அடுத்தது என்றால் இதற்கு அடுத்தது. ஆகவே இந்த வருஷம் பழைய கணக்கு, பாலத்தடி மேலே. செய்தி தெற்கு முழுக்கப் பரவியது. தொட்டிக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. அவர்கள் கேப்டன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அமைதியான மனிதர். ஒரு பந்துகூட உருளாதபோது சீசன் எப்படி ஆரம்பித்ததாகும், அப்போது சொன்ன அடுத்தது இதுதானே என்றார். கமிட்டி பாதிக்குப் பாதி பிரிந்து நின்றது. இரண்டு பக்கமும் சொன்னதில் பிசகு ஒன்றும் இல்லை. நம் பேச்சில் ‘அடுத்த’ அப்படித்தான், இழுத்த இழுப்புக்கு வரும். கதவின் வீட்டிலேயே பாத்ரூம் தாழ்ப்பாள் ‘அடுத்த வாரம்’ சரிசெய்யப்பட வேண்டியதாக எத்தனையோ மாதமாக ஆடிக்கொண்டிருக்கிறது.

கடைசியில் தலைவர் ஒரு முடிவுக்கு வந்தார். தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் ஒருத்தர் இருக்கிறார். எதை நினைத்துச் சொன்னார் என்று அவரையே கேட்போம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம்.

அந்த வாரம் கதவு ஆசாபாசமுள்ள சாதாரண மனுஷனாக இருந்து ரொம்பக் கஷ்டப்பட்டார். பாலத்தடிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். யாரும் பொய் சொல்லுங்கள் என்று சொல்லவில்லை. நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்று உங்களுக்குத்தானே தெரியும், வேறு யாருக்குத் தெரியப்போகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, அர்த்தத்தோடு பார்த்துவிட்டுப் போனார்கள். அதுதான் அவரைக் குடைந்தது. தன் மண்டைக்குள் இருந்ததற்குச் சாட்சி கிடையாது. ‘அதுக்கு அடுத்ததைத்தான் சொன்னேன்’ என்று ஒரு வரி. சொல்லிவிட்டால் இரண்டாம் டிவிஷன். முழங்கால் இன்னும் ஒரு வருஷம் தாங்கும்.

மெஷின் அறையில் தனியாக நின்று அந்த வரியைச் சொல்லிப் பார்த்தார். நன்றாகத்தான் வந்தது. மறுபடி சொன்னார். கீழே லிஃப்டில் யாரோ, “யாருங்க?” என்று கேட்டார்கள். ஓட்டையில் குரல் இறங்கிவிட்டிருக்கிறது. ஒன்றுமில்லை, சும்மா ரிப்பேர் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்துகொண்டார்.

சனிக்கிழமை மனைவியிடம் கேட்டார், என்ன செய்யட்டும் என்று.

“என்னைக் கேக்காதீங்க. நீங்களும் அந்த டீம், என் தம்பியும் அந்த டீம். ரெண்டு பேரும் மேல போகணும்னுதான் நான் ஆசைப்படுவேன். என் ஆசையைக் கேட்டு நீங்க சொல்லக் கூடாது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் எள் போட்டால் எண்ணெய் எடுக்கலாம் என்கிற மாதிரி கூட்டம். மூன்றாம் டிவிஷன் கூட்டத்துக்கு அத்தனை பேர் வந்தது அதுதான் முதல் தடவை. தெற்கு ஒரு பக்கம், வடக்கு ஒரு பக்கம். மச்சான் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தலைவர் வளைத்துப் பேசாமல் நேராகக் கேட்டார்.

“நீங்கதான் கொண்டுவந்தீங்க. அடுத்த சீசன்னு சொன்னப்போ எதை மனசுல வச்சு சொன்னீங்க?”

கதவு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மச்சானைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்தார், பார்த்துவிட்டார். அவன் சின்னப் பையனாக இருந்தபோது அக்கா கல்யாணத்தில் முகத்தை எப்படி வைத்திருந்தானோ அப்படி வைத்திருந்தான், ஏதோ தன்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகப்போகிறார்கள் என்பதுபோல.

“இந்த சீசனைத்தான் சொன்னேன்” என்றார். “இன்னும் ஒரு வருஷம் காத்திருக்க எனக்குப் பொறுமை இல்ல. இப்பவே வேணும்னுதான் கேட்டேன்.”

அவ்வளவுதான் பேசினார். வடக்கில் யாரும் கைதட்டவில்லை, அந்த அளவுக்கு அவர்களுக்கு நல்ல புத்தி இருந்தது. தொட்டிக்காரர்கள் மேலே போவார்கள் என்று தலைவர் அறிவித்தார். மச்சான் எழுந்து, யாரையும் பார்க்காமல் வெளியே போனான். கதவுக்கு அழுகை வந்தது, கூடவே தோளிலிருந்து மூட்டையை இறக்கிய மாதிரியும் இருந்தது. இரண்டில் எது பெரியது என்று அவருக்கே தெரியவில்லை. டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அதன்பிறகு வீட்டில் ஒரு விநோதமான ஏற்பாடு நடந்தது. மச்சான் வழக்கம்போல மூன்று வேளையும் சாப்பிட வந்தான். கோபத்துக்காகச் சாப்பாட்டை விடும் ரகமல்ல அவன். ஆனால் மாமாவோடு பேச்சு கிடையாது. உப்பு வேண்டுமென்றால், “அக்கா, உப்பு அந்தப் பக்கம் இருக்கு” என்பான். அந்தப் பக்கம் என்பது கதவின் கை. அவர் உப்பை மனைவியிடம் கொடுப்பார், அவள் தம்பியிடம் கொடுப்பாள். அப்படியே அவள் கை வலித்துப்போனதுதான் மிச்சம். பயிற்சியிலும் அதே கதைதான். அவன் கோலை நோக்கி அடிக்கிற அடியில் கோபம் தெரிந்தது. பிடித்துப் பிடித்து அவருக்கு உள்ளங்கை சிவந்தது. கோபமாக இருந்தாலும் வந்து அடிக்கிறானே என்று உள்ளூர அவருக்கு ஒரு நிம்மதி.

இப்படி இருக்கும்போது ஒருநாள் சாயங்காலம், தொட்டி அணியின் கேப்டன் படியேறி வந்தார். மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். அவர்களுடைய கோல்கீப்பர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போகிறான். இரண்டாம் டிவிஷனில் நிற்க ஆள் இல்லை.

“ஒரு சீசன் மட்டும் எங்களுக்காக நில்லுங்க. உங்களைவிட்டா எனக்கு வேற யாரும் தோணல” என்றார்.

மனைவி முகம் மலர்ந்துவிட்டது. சமையலறை வாசலில் மச்சான் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். எத்தனை வருஷமாகக் கதவு வேண்டும் என்று நினைத்தது, நடந்து, படியேறி, வீட்டுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறது. இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ளத்தான் தோன்றியது.

முடியாது என்று சொல்லிவிட்டார். வந்தவர் ஏன் என்று கேட்டதற்கு முழங்காலைக் காட்டினார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “ஆனா நல்ல முன்னாட்டக்காரன் ஒருத்தன் இருக்கான். அவனைக் கூட்டிட்டுப் போங்க. எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தையே இல்ல, அதனால யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க” என்றார்.

வேன்காரர் சிரித்துவிட்டார். மனைவியும் சிரித்தாள். உள்ளே தட்டு ஒன்று கொஞ்சம் ஓசையோடு கீழே வைக்கப்பட்டது.

வந்தவர் போன பிறகு மச்சான் வெளியே வந்தான். எதிரில் உட்காராமல் சுவரோரம் நின்றுகொண்டு, அந்தக் கூட்டத்துக்குப் பிறகு முதன்முதலாக அவர் முகத்தைப் பார்த்துப் பேசினான்.

“முட்டி வலின்னு சொன்னது பொய்தானே?”

“பாதிப் பொய்.”

“ஏன் மாமா வேண்டாம்னீங்க?”

“நான் அங்க போய் நின்னேன்னா, அன்னைக்கு நான் சொன்னதே இந்த இடத்துக்காகத்தான்னு ஆயிடும்டா. உண்மையைச் சொன்னேன். நான் போனா அது பொய்யாயிடும்.”

மச்சான் யோசித்தான். அவனுக்கு விஷயங்கள் வேகமாகப் புரியும் என்று முன்பே சொன்னேன். இது புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

“உங்களுக்கு ஆசையே இல்லையா மாமா?”

“ரொம்ப ஆசைடா” என்றார் கதவு. சொல்லும்போது கண் கலங்கிவிட்டது, கூடவே சிரிப்பும் வந்தது. மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அப்புறம் இரண்டு பேருமாகத் தொட்டி அணியின் தற்காப்பு எவ்வளவு மோசம் என்று பேச ஆரம்பித்து, மனைவி இரண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

அவன் போனான். கதவு பாலத்தடியில்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஆட்டம். இரண்டாம் டிவிஷன் ஆட்டங்கள் சனிக்கிழமை என்பதால் மச்சான் ஆடுவதைப் பார்க்கப் போக முடிகிறது. முதல் ஆட்டத்துக்கு மனைவியும் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். இரண்டு பேரும் தொட்டி அணியின் கோலுக்குப் பக்கவாட்டில் கோட்டோரமாக நின்றார்கள். மச்சான் தூரத்தில் எதிர்க்கோலுக்கு முன்னால் அலைந்துகொண்டிருந்தான். ஒரு தடவை திரும்பிக் கை காட்டினான். கதவுக்கு நெஞ்சு நிறைந்து போனது. தன் மச்சான் என்று பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டார்.

பாதி ஆட்டம் போயிருக்கும். எதிரணிக்காரன் ஒருவன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். பந்து தாழ்வாக, கோலின் இடது மூலையைப் பார்த்து வந்தது. தொட்டி அணியின் புதுக் கோல்கீப்பர் ஒரு கணம் தயங்கினான். கோட்டுக்கு வெளியே நின்ற கதவு தயங்கவில்லை. தன்னையறியாமல் உடம்பு முழுக்க இடது பக்கம் பாய்ந்தது. அங்கே மனைவி நின்றுகொண்டிருந்தாள். அவள் மேல் போய் விழுந்தார். இருவருமாகத் தடுமாறி, அவள் அவர் சட்டையைப் பிடித்து, ஒருவழியாக விழாமல் நின்றார்கள். பந்து கோலுக்குள் போய்விட்டிருந்தது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்கு வெட்கமாகிவிட்டது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. பிடித்த சட்டையை விடாமல், மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகக் கேட்டாள்.

“நீங்க நின்னிருந்தா பிடிச்சிருப்பீங்களா?”

கதவு உள்ளே கிடந்த பந்தைப் பார்த்தார்.

“பிடிச்சிருப்பேன்” என்றார்.

அவள் தலையாட்டினாள். பிறகு இருவரும் மச்சானைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள்.